லைட்டைக் கழற்றலாம், மேலே கிடக்கும் ஜாயிண்டை என்ன செய்வது?

சேலம் அழகாபுரத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதமும் ஏழு போட்டோக்களும் அனுப்பியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

தரைத்தளம் மட்டும் உள்ள தனி வீடு. 14 மாதங்களுக்கு முன் ஹால், டைனிங், இரண்டு பெட்ரூம் எல்லாவற்றிலும் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டிருக்கிறார்கள். வேலை எடுத்த இன்டீரியர்காரர் "ஷோரூம் மாதிரி ஜொலிக்கும்" என்று சொல்லி, சீலிங்கில் வட்டமாக ஓட்டை போட்டு 24 எல்.இ.டி. லைட்டுகளைப் பதித்துவிட்டார். ஒவ்வொன்றும் 12 வாட், எல்லாம் பளீர் வெள்ளை. ஹாலில் மட்டும் பத்து. அந்தப் பத்துக்கும் சேர்த்து இரண்டே சுவிட்ச். சீலிங், லைட், வயரிங் எல்லாம் சேர்த்து 1,85,000 ரூபாய்.

வாசகியின் மாமனார் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் நாற்பது வருஷம் உட்கார்ந்து வேலை பார்த்தவர். போன வருஷம் இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆனது. சாயங்காலம் ஹால் திவானில் சாய்ந்தால், "கண்ணுக்குள்ள ஊசி குத்துற மாதிரி இருக்குதும்மா, அத நிறுத்து" என்கிறாராம். நிறுத்தினால் எட்டாவது படிக்கும் மகளுக்கு வெளிச்சம் போதவில்லை. இதற்கிடையில் இரண்டு லைட் துடிக்கிறது. டைனிங்கில் ஒன்று, சுவிட்சை ஆஃப் செய்த பிறகும் மின்மினிப் பூச்சி மாதிரி மங்கலாக எரிகிறது.

கணவர் ஃபால்ஸ் சீலிங்கையே பிரித்துவிடலாம் என்கிறார். தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர், "வயரை வெட்டி டேப் சுத்தி மேல தள்ளிட்டு பட்டி பாத்து மூடிடலாம், அரை நாள் வேலை" என்கிறார். இன்டீரியர்காரர் இப்போது போனை எடுப்பதில்லை. "எல்லாத்தையும் எடுத்துடலாமா? எல்.இ.டி.தானே, சூடே இல்லை, உள்ளே போறதும் 12 வோல்ட்தானே, வயர் மேலே கிடந்தால் என்ன? எடுத்தால் கரண்ட் பில் குறையுமா? கொடுத்த பணத்தைக் கேட்க முடியுமா? கழற்றும் லைட்டுகளை ஏற்காட்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கொடுக்கலாமா?" இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஐந்தாவது போட்டோவிலிருந்து ஆரம்பிக்கிறேன். எலக்ட்ரீஷியன் ஒரு லைட்டை இறக்கிப் பிடித்திருக்கிறார், நீங்கள் அந்த ஓட்டைக்குள் செல்போனை நுழைத்து எடுத்த படம் அது. ஜிப்சம் போர்டின் முதுகில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான வெள்ளை டப்பா ஒன்று கிடக்கிறது. சிவப்பு வயர் ஒரு முறுக்கு, கறுப்பு வயர் ஒரு முறுக்கு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சுற்று டேப். சிவப்பில் ஒட்டிய டேப்பின் முனை பிரிந்து சுருண்டு, செம்பு லேசாக எட்டிப் பார்க்கிறது. பக்கத்திலேயே பல்லி எச்சம். வேலை முடிந்து 14 மாதத்தில் இந்தக் கோலம்.

உங்கள் கடிதம் முழுக்க லைட்டைப் பற்றி. எனக்கோ அந்த முறுக்கை, அதாவது வயர்கள் சேரும் ஜாயிண்டைப் பற்றித்தான் கவலை. லைட்டை எடுப்பதும் மாற்றுவதும் விட்டுவிடுவதும் உங்கள் விருப்பம், எதைச் செய்தாலும் வீடு தாங்கும். மின்சாரம் ஓடும் ஒரு ஜாயிண்டைக் கை எட்டாத இடத்தில் போட்டு, அதன் மேல் பட்டி பார்த்து மூடுவதை மட்டும் செய்யாதீர்கள். அந்த அரை நாள் வேலைக்கு நான் சம்மதிக்காததன் காரணம் அவ்வளவுதான்.

12 வோல்ட் என்று யார் சொன்னது?

லைட்டின் பின்னால் எழுதியிருக்கும் 12 என்பது வாட். அது எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதற்கான கணக்கு. அந்த வெள்ளை டப்பாவுக்குக் கடையில் 'டிரைவர்' என்று பெயர். அதற்குள் போவது உங்கள் மிக்ஸிக்கும் ஃபிரிட்ஜுக்கும் போகிற அதே 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம். டிரைவர் அதை டி.சி.யாக மாற்றி லைட்டுக்கு அனுப்புகிறது. நீங்கள் அனுப்பிய லேபிளில் 27-42 வோல்ட், 300 மில்லி ஆம்பியர் என்று இருப்பது அந்தப் பக்கத்துக் கணக்கு. எலக்ட்ரீஷியன் வெட்டி டேப் சுற்றப் போவது 230 வோல்ட் பக்கத்தை.

எல்.இ.டி.யில் சூடே இல்லை என்பதும் பாதிதான் சரி. பழைய குண்டு பல்பு மாதிரி முன்னால் சுடாது. சூடு பின்பக்கம், அலுமினியத் தகட்டின் வழியாக சீலிங்குக்கு மேலே போகிறது. உங்களுக்கு மேலே மாடி இல்லை, நேராக மொட்டை மாடிதான். சித்திரை வெயிலில் சேலம் 40 டிகிரியைத் தாண்டும்போது, காய்ந்த தளத்துக்கும் ஜிப்சம் போர்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஆறு அங்குல இடைவெளி அறையைவிட நன்றாகவே கொதிக்கும். டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் அடிப்படைக் கணக்கு. இரண்டு லைட் துடிப்பது பெரும்பாலும் இதனால்தான். லைட் நன்றாகவே இருக்கும், டிரைவர் களைத்துப் போயிருக்கும். டிரைவரை மட்டும் மாற்றினால் போதும். அதே மில்லி ஆம்பியர், அதே வோல்ட் அளவு, ஆர் எழுத்தில் தொடங்கும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் இந்த மூன்றையும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

ஆறாவது போட்டோவில் நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சூடு இறங்காமலிருக்க என்று சீலிங் மேல் தெர்மாகோல் பரப்பியிருக்கிறார்கள், அது டிரைவரின் மேலேயே படுத்திருக்கிறது. தெர்மாகோல் உருகும், தீப்பிடித்தால் நன்றாக எரியும். அதோடு, பி.வி.சி. வயரை ஒட்டி நாளெல்லாம் கிடந்தால் வயரின் மேலுறையிலிருக்கும் நெகிழ்ச்சிப் பொருளை உறிஞ்சிவிடும். உறை விறைத்து, தொட்டால் உதிரும். ஒவ்வொரு லைட்டைச் சுற்றியும் ஒரு சாண் அளவுக்குத் தெர்மாகோலை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு லைட்டைக்கூட மாற்றாவிட்டாலும் இந்த வேலை நடக்க வேண்டும்.

முதலில் பத்து நாள் பரீட்சை

எது தேவை, எது வேண்டாம் என்று உட்கார்ந்து யோசித்துத் தெரியாது. இருந்து பார்க்க வேண்டும். பெரும்பாலான லைட்டுகளில் டிரைவருக்கும் லைட்டுக்கும் நடுவில் சின்னதாக ஒரு பின் சாக்கெட் இருக்கும். மின்சாரத்தை முறையாக நிறுத்திவிட்டு (எப்படி என்று கீழே சொல்கிறேன்), திவானுக்கு மேலே உள்ள மூன்று லைட்டில் அந்த சாக்கெட்டை மட்டும் பிரித்து, லைட்டைப் பழையபடி ஓட்டையில் சொருகிவிடச் சொல்லுங்கள். எதையும் வெட்ட வேண்டாம். பத்து நாள் பாருங்கள். யாரும் கேட்கவில்லை என்றால் அடுத்து டி.வி.க்கு முன்னால் இருக்கும் இரண்டையும் பிரியுங்கள். ஹாலில் பத்து லைட் போட்ட வீடுகளில் நான்கைந்து லைட்டை யாரும் தேடுவதே இல்லை என்பது என் அனுபவம்.

உங்கள் மாமனாருக்கு ஏன் குத்துகிறது என்பது சுலபமான விஷயம். நிற்பவருக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும் சீலிங் லைட் தலைக்கு மேல். சாய்ந்து படுப்பவருக்கு அது நேர் எதிரே. லைட்டின் வெள்ளைத் தட்டு சீலிங்கோடு சமமாக இருப்பதால் மறைப்பும் கிடையாது. டியூப் லைட்டைச் சுவரில் உயரமாக மாட்டிய காலத்தில், படுத்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் தப்பித்தார். இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று மேலே காத்திருக்கிறது!

பட்டறையில் அவர் உட்கார்ந்த இடத்தைக் கேட்டுப் பாருங்கள். கை வேலையின் மேல் வெளிச்சம் விழும், கண்ணில் விழாதபடி விளக்குக்கு ஒரு தகர மறைப்பு இருந்திருக்கும். நாற்பது வருஷம் பழகிய கண் அதைத்தான் கேட்கிறது. திவானின் தலைமாட்டில், தோளுக்குப் பின்னால், சுவரில் மாட்டும் மூடி போட்ட விளக்கு ஒன்று, 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் சாயலில் வையுங்கள். மகளுக்குப் படிப்பு மேசைக்குப் பக்கத்துச் சுவரில் 20 வாட் எல்.இ.டி. பேட்டன் (டியூப் லைட் மாதிரி நீள விளக்கு), வலது கையால் எழுதினால் இடது பக்கம். பத்து சீலிங் லைட் கொடுக்காததை இந்த இரண்டும் கொடுக்கும்.

இன்னொன்று. அவருக்கு வெளிச்சத்தைச் சுற்றி வளையம் தெரிகிறதா, பார்வையும் கொஞ்சம் மங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். புரை ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு, வைத்த லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு மங்குவதுண்டு. அதை லேசரில் சரி செய்கிறார்கள். லைட் விஷயமாகத் தொடங்கிய பேச்சு கண் டாக்டரிடம் போக வேண்டியதாகவும் இருக்கலாம், அதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

ஓட்டையை என்ன செய்வது?

பரீட்சையில் தேறிய லைட்டுகளை, உள்ளே தள்ளிப் பதித்தது போல் ஆழமாக அமையும் மாடலுக்கு மாற்றலாம். பக்கத்திலிருந்து பார்த்தால் எரிவதே தெரியாது, கீழே மட்டும் வெளிச்சம் விழும். நிறம் 3000 அல்லது 4000 கெல்வின். கடைக்குப் போகும்போது பழைய லைட் ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள். வெளி வளையத்தின் அகலத்தை அளந்துகொண்டு போய், வாங்கி வந்தது ஓட்டைக்குள் விழுந்துவிட்டது என்று திரும்பி வருபவர்கள் நிறைய. அளக்க வேண்டியது ஓட்டையின் விட்டத்தை. ஆழமான மாடலுக்கு மேலே இடம் இருக்கிறதா என்று ஒரு ஸ்கேலை நுழைத்தும் பார்த்துவிடுங்கள்.

வேண்டாத ஓட்டைகளுக்கு இரண்டு வழி. ஒன்று, வெள்ளை பிளாஸ்டிக் மூடி. ஸ்பிரிங் கிளிப்போடு வரும், அமுக்கினால் உட்காரும், வேண்டும்போது கழற்றலாம். பார்க்க மூடி என்று தெரியும், அது ஒரு குறைதான். ஆனால் மேலே ஜாயிண்ட் இருக்கும் இடத்தில் நான் இதைத்தான் போடச் சொல்வேன். மூடிக்கு மேலே அந்த முறுக்கு வயர்கள் இருக்கக்கூடாது. ஒரு சின்ன பி.வி.சி. ஜங்ஷன் பாக்ஸுக்குள், ஸ்குரூ கனெக்டரிலோ லீவர் கனெக்டரிலோ வயர்களை முறையாகப் பிடித்து வைக்க வேண்டும். டிரைவரையும் எடுத்துவிட வேண்டும். லைட்டை மட்டும் கழற்றி டிரைவரை விட்டால் அது சும்மா மேலே உயிரோடு கிடக்கும்.

இரண்டாவது வழி, நிரந்தரமாக அடைப்பது. அதே 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டில் வட்டத் துண்டு வெட்டி, ஓட்டையின் பின்னால் பிளைவுட் பட்டை ஒன்றைக் குறுக்கே கொடுத்து, ஸ்குரூ போட்டு, விளிம்பில் ஃபைபர் டேப் ஒட்டி, பட்டி பார்த்து, காய்ந்ததும் எமரி தேய்த்து, பிரைமர், பெயிண்ட். வேலை தெரிந்த ஆள் செய்தால் தெரியாது. ஆனால் அந்த இடத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்தால் நிலாவில் பாட்டி வடை சுட்ட மாதிரி வட்டம் தெரியும். அந்த சீலிங் பகுதியின் ஓரம் வரை முழுக்க அடிக்கச் சொல்லுங்கள்.

அடைப்பதற்கு முன் ஒரு விஷயம் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் பத்து லைட்டும் சுவிட்சிலிருந்து தனித்தனி வயரில் வரவில்லை. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று லூப் போட்டிருக்கிறார்கள். நடுவில் ஒன்றை வெட்டி டேப் சுற்றினால் அதற்குப் பின்னால் உள்ளவை அணைந்துவிடும். அணையாமலிருக்க இரண்டு பக்க வயரையும் அங்கேயே சேர்த்தாக வேண்டும், அப்போது அங்கே ஒரு ஜாயிண்ட் பிறக்கும், அதை மூடக்கூடாது. ஆகவே நிரந்தரமாக அடைக்கும் ஓட்டை, லூப்பின் கடைசியில் இருக்கும் ஓட்டையாக இருந்தால் நல்லது. வயரை முந்தைய லைட்டு வரை பின்னுக்கு இழுத்து முடித்துவிடலாம். நடு லைட்டை அடைத்தே ஆக வேண்டுமென்றால், முந்தைய ஓட்டைக்கும் அடுத்த ஓட்டைக்கும் நடுவில் ஜாயிண்ட் இல்லாத ஒரே வயரைப் புதிதாக இழுக்க வேண்டும். அது அரை நாள் வேலை இல்லைதான்.

ஓட்டையை மறைக்க அதன் மேல் தொங்கு விளக்கு போடலாம் என்று கடையில் சொல்வார்கள். ஜிப்சம் போர்டு எடை தாங்காது. தொங்க வேண்டியது எதுவானாலும் மேலே தளத்தில் ஆங்கர் அடித்து அதிலிருந்துதான் தொங்க வேண்டும்.

உங்கள் கணவரிடம், மொத்த சீலிங்கையும் பிரிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கோபத்தில் எடுத்த முடிவு மாதிரி தெரிகிறது, கோபம் நியாயமானதுதான். ஆனால் சீலிங் போட்டபோது வயரையெல்லாம் அதன் முதுகில்தான் ஓட்டியிருக்கிறார்கள். பிரித்தால் அவ்வளவும் தொங்கும். மேலே தளம் முழுக்க கம்பி தொங்கவிட்ட துளைகள், பழைய பெயிண்ட், பூசாத இடங்கள். திரும்ப வயரிங், பூச்சு, பெயிண்ட் என்று இன்னொரு முறை வீட்டைக் காலி செய்கிற வேலை. சீலிங் தொய்ந்தாலோ மழைநீர் ஊறினாலோ தவிர அதைத் தொட வேண்டியதில்லை.

மெயினை இறக்கினால் போதாது

கடிதத்தில் இன்வெர்ட்டர் இருப்பதாக ஓரிடத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். லைட் வேலையில் ஆட்களுக்கு ஷாக் அடிப்பது பல நேரம் இங்கேதான். மெயினை இறக்கியதும், ஈ.பி. கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு இன்வெர்ட்டர் தன் வேலையை ஒழுங்காக ஆரம்பிக்கும். ஹால் லைட் லைன் அதில் இருந்தால் மேலே 230 வோல்ட் அப்படியே இருக்கும். முதலில் இன்வெர்ட்டரை அதன் சுவிட்சில் நிறுத்தி, அதன் அவுட்புட்டையும் பிரித்து, பிறகு மெயினை இறக்கி, ஏணியில் ஏறியபின் அந்த இடத்திலேயே டெஸ்டர் வைத்துப் பார்த்துத்தான் கை வைக்க வேண்டும். அந்த டெஸ்டரை அதற்கு முன் கரண்ட் உள்ள ஒரு பிளக்கில் வைத்து அது வேலை செய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அணைத்த பிறகும் மங்கலாக எரியும் அந்த டைனிங் லைட், எனக்குத் துடிக்கும் இரண்டைவிட முக்கியம். சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியே கசியும் துளி கரண்ட் காரணமாக இருக்கலாம், அது தொல்லை மட்டும்தான். இண்டிகேட்டர் இல்லையென்றால், சுவிட்சை பேஸில் (கரண்ட் வரும் வயரில்) போடாமல் நியூட்ரலில் (திரும்பிப் போகும் வயரில்) போட்டிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படியிருந்தால் சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் லைட்டு வரை பேஸ் வந்து நிற்கும். ஆஃப் செய்துவிட்டோமே என்று தொடுபவரைத் தூக்கியடிக்கும். போர்டைத் திறந்து சரி செய்ய ஒரு மணி நேர வேலை. டி.பி. பாக்ஸில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்றும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

விதிப்படி, வீட்டில் பல்பு, ஃபேன், சுவிட்ச் மாதிரிப் பொருள்களைப் பழையதற்குப் பதிலாக மாற்றுவதற்கு லைசென்ஸ் தேவையில்லை. லூப்பை மாற்றுவது, புது வயர் இழுப்பது எல்லாம் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரின் பொறுப்பில், தகுதிச் சான்றிதழ் உள்ள வயர்மேன் செய்ய வேண்டிய வேலை. சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. லைட்டைக் குறைப்பதற்கு மின்வாரியத்திடம் எதுவும் சொல்லத் தேவையில்லை.

பில் எவ்வளவு குறையும்?

பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள். 24 லைட்டும் தினமும் 5 மணி நேரம் எரிந்தால் 1.44 யூனிட். இரண்டு மாத பில்லில் 86 யூனிட் சொச்சம். நீங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக எரிப்பதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் அதில் பாதிகூட வராது. உங்கள் பெட்ரூமில் 1.5 டன் ஏ.சி.யின் கம்ப்ரசர் ஒரு மணி நேரம் ஓடுவதும், அத்தனை லைட்டும் ஒரு சாயங்காலம் முழுக்க எரிவதும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு. கண்ணுக்காகக் கழற்றுங்கள், பில்லுக்காக வேண்டாம்.

பணத்தைக் கேட்பது

நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்த மாதிரி வேலைகளைப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, காசு கொடுத்து வாங்கிய வேலையில் குறை இருந்தால் அதுவும் புகாருக்கு உரியதுதான். பில் இல்லை, வாட்ஸ்அப்பில்தான் எல்லாம் என்று தயங்குகிறீர்கள். 'பிராண்டட் லைட், 2 வருஷம் வாரண்டி' என்று அவர் அனுப்பிய கொட்டேஷனும், நீங்கள் ஜிபேயில் அனுப்பிய பணமும் சாட்சிதான். அந்த மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள், செல்போன் மாற்றினாலும் பத்திரப்படுத்துங்கள்.

காலக்கெடு இரண்டு வருஷம். எந்த நாளிலிருந்து என்பதில் வாதம் வரலாம், ஆகவே வேலை முடித்துக் கொடுத்த நாளிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். இன்னும் பத்து மாதம் இருக்கிறது. முதலில் குறைகளை எழுதி, 15 நாளில் சரி செய்து தரக் கேட்டு, ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பாதிப் பேர் அதிலேயே போனை எடுப்பார்கள். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேல் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, நீங்களே நேரில் வாதாடவும் செய்யலாம்.

எதைக் கேட்பது என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்பதற்குப் பணம் வராது, டிசைனைப் பார்த்துச் சம்மதித்தது நீங்கள். துடிக்கும் டிரைவர், சொன்ன பிராண்ட் போடாதது, டேப் சுற்றிய ஜாயிண்ட், தெர்மாகோல், நியூட்ரலில் போட்ட சுவிட்ச் (சோதித்து உறுதியானால்) இவையெல்லாம் கேட்கக்கூடியவை. சரி செய்ய ஆகும் செலவைக் கேளுங்கள், 1,85,000-ஐயும் திரும்பக் கேட்டால் வழக்குதான் பலவீனமாகும். இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள்: போட்டோ, வீடியோ, வயர்மேனின் எழுத்துமூல அறிக்கை, அதற்குப் பிறகுதான் கழற்றுவது. ஆபத்தான ஜாயிண்டை மட்டும் படம் எடுத்த கையோடு உடனே சரி செய்துவிடுங்கள், அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கெட்டுப்போன இரண்டையும் டிரைவரோடு ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

ஏற்காட்டு அண்ணனுக்கு

நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட் வீட்டில் லைட் விட்டுவிட்டு எரிகிறது என்று போயிருந்தேன். ஐப்பசி மாதம். ஓட்டையிலிருந்து லைட்டை இழுத்ததும் முதலில் ஈசல் இறக்கைகள் ஒரு கைப்பிடி கொட்டின. டிரைவரைத் திறந்தால் உள்ளே செம்பெல்லாம் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஏற்காட்டில் பனிமூட்டம் ஜன்னலோடு நிற்பதில்லை, ஓட்டுக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவிலும் புகுந்துகொள்ளும். உங்கள் லைட்டுகள் காய்ந்த அறைக்கு மட்டும் செய்தவை. அண்ணன் வீட்டில் மேலே கான்கிரீட் தளம் உள்ள படுக்கையறை என்றால் புது டிரைவர் போட்டுக் கொடுங்கள். வராந்தா, பாத்ரூமுக்கு ஐ.பி. 65 (தூசியும் தண்ணீரும் புகாதது) என்று போட்ட லைட் வேண்டும். மரப்பலகை சீலிங் என்றால் கொடுக்கவே வேண்டாம், அங்கே சீலிங்குக்கு வெளியே மாட்டும் லைட்தான் சரி.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில், வேறு கையெழுத்தில், "அந்த புளூ லைட்டை மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க அங்கிள்" என்று ஒரு வரி இருந்தது. ஏழாவது போட்டோவில் ஹால் ஓரத்தில் ஓடும் நீல ஸ்ட்ரிப்பைப் பார்த்தேன். அதன் அடாப்டர் கை எட்டும் ஓரத்தில், தனி சுவிட்சில், பாக்ஸோடு இருக்கிறது. 14 மாதத்துக்கு முன் அந்த வீட்டில் ஒழுங்காகச் செய்த ஒரே இணைப்பு அதுதான் போலிருக்கிறது. அது இருக்கட்டும்.